பத்தாயிரம் ஆண்டு நாற்றம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொழிப் பக்கத்தில் 'வை சௌ மான் நின்' என்ற கான்டனீஸ் (தென்சீன மொழி) மரபுத்தொடருக்குக் 'கெட்ட பெயர் எடுப்பது' என்று பொருள் தந்து, பெனால்டியைக் கோட்டைவிட்ட பந்தாட்டக்காரரை எடுத்துக்காட்டாகக் காட்டியிருந்தீர்கள். மலேசியாவின் ஈப்போவில் கான்டனீஸ் பேசும் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். மனம் கேட்காமல் எழுதுகிறேன்.

விட்டுச்செல், நாற்றம், பத்தாயிரம், ஆண்டு. நான்கு எழுத்துக்கும் பொருள் இவ்வளவுதான். ஆனால் ஆள் செத்தும் நாற்றம் போகாது என்பதில்தான் அதன் கனம் இருக்கிறது. நாட்டைக் காட்டிக் கொடுத்தவனுக்குச் சொல்வது அது. பந்தாட்டக்காரர் அடுத்த ஆட்டத்திலேயே பெயரை மீட்டுவிடுவாரே!

சின் ஹுய்யை எடுத்துக்கொள்ளுங்கள். தளபதி யுவே ஃபெய்மீது பொய்க் குற்றம் சுமத்தி, 1142இல் சாகடித்த சீன அமைச்சர். சீன நகரமான ஹாங்சோவின் மேற்கு ஏரிக்கரையில், யுவே ஃபெய் கல்லறைக்கு முன்னால் அவனும் மனைவியும் கூட்டாளிகள் இருவரும் இரும்புச் சிலைகளாக இன்றும் மண்டியிட்டுக் கிடக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மக்கள் அவற்றின்மேல் காறித் துப்பியிருக்கிறார்கள். இந்தத் துரோகிகளை வார்க்க நேர்ந்ததே, இரும்பு என்ன பாவம் செய்தது என்று கேட்கும் வரியும் அங்கே உண்டு.

எங்கள் பக்கத்து வீட்டுப் போபோ (பாட்டி) காலைக் கஞ்சிக்கு 'யாவ் ஜா க்வாய்' என்ற பொரித்த மாவுப் பலகாரம் வாங்கி வருவார். எண்ணெயில் பொரித்த பேய் என்று பொருள். அந்தப் பெயரில் 'பேய்' என்ற சொல்லின் இடத்தில் முதலில் இருந்தது சின் ஹுய்யின் பெயர்தான் என்பது மக்கள் வழக்கு. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மாவுத் துண்டுகளையும் பிய்த்து, "இது அவன், இது அவன் பொண்டாட்டி" என்று சொல்லி, கஞ்சியில் முக்கி என் கையில் தருவார். 1155இல் செத்தவனை ஈப்போவில் தினமும் பிய்த்துத் தின்றோம்.

பிள்ளைகளைத் திட்டப் போபோவிடம் எத்தனையோ சொல் இருந்தது. 'வை சௌ மான் நின்' மட்டும் அவர் வாயிலிருந்து எங்களை நோக்கி வந்து நான் கேட்டதில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றிப் பேசும்போதுதான் வரும், அதுவும் பேச்சின் முடிவில், தீர்ப்புப் போல.

அந்தத் தொடரில் நாற்றத்தைக் குறிக்கும் 'சௌ' ஒரு காலத்தில் வெறும் வாசனையைத்தான் குறித்தது. நம் 'நாற்றம்' நறுமணமாக இருந்து கெட்டதை நினைத்துக்கொண்டேன். 'பேர் நாறிப்போச்சு' என்று நாம் சொல்வதே இதற்கு இன்னும் கிட்ட வருகிறது.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது, இதன் எதிர்ச்சொல்லான 'லௌ ஃபோங் பாக் சை'யையும் சேர்த்துப் போடுங்கள். நூறு தலைமுறைக்கு மணம் வீசுவது என்று பொருள். யுவே ஃபெய்க்கு அதைத்தான் சொல்வார்கள்.

அன்புடன்,
வாசகர், ஈப்போ