தாராசுரத்துப் படங்களைப் பார்த்த பின் மகளுக்கு எழுதியது

கும்பகோணம்

அன்புள்ள மகளுக்கு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது தாராசுரத்தில் நீ எடுத்த 212 படங்களையும் நேற்று இரவு ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தேன். வெளிச்சத்தின் அளவு சரியாக இருக்கிறது. ஃபோகஸ் எங்கும் பிசகவில்லை. ஆனாலும் பெரும்பாலான படங்களில் நீ அந்த இடத்தில் நின்று பார்த்ததற்கான அடையாளம் தென்படவில்லை. கோயிலுக்குள் நாம் இருந்தது ஒரு மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு படத்துக்குப் பதினேழு விநாடிதான் வருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அம்மா. புதுக் கேமரா கையில் இருக்கும்போது விரல் முந்திக்கொள்ளும்; முப்பது வருடம் ஸ்டுடியோ நடத்திய எனக்கு அது தெரியாததல்ல.

ரிஷபகுஞ்சரத்தை எடுத்துக்கொள். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் அந்தச் சிறிய புடைப்புச் சிற்பத்தை நேருக்கு நேர் நின்று இரண்டு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிட்டாய். காளையின் உடலை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தால் யானை மட்டும் நிற்கும். யானையின் உடலை மறைத்தால் அதே தலை காளையினுடையதாகிவிடும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதைச் செதுக்கிய சிற்பி, பார்க்கிறவர் சற்று நேரம் நிற்பார் என்று நம்பித்தான் அப்படிச் செய்திருக்க வேண்டும். மேலும் நாம் போனது உச்சி வேளை. தலைக்கு மேலிருந்து கொட்டும் வெயிலிலும் தரையிலிருந்து எழும்பும் வெளிச்சத்திலும் கல்லின் மேடு பள்ளங்கள் கரைந்துபோய் எல்லாம் ஒரே தளமாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் சாய்ந்து வரும் ஒளி படும்போதுதான் உளி இறங்கிய ஆழம் நிழலாக எழுந்து வரும். அடுத்த முறை ஒரே சிற்பத்தின் முன் இரண்டு வேளையும் நின்று பார். கேமரா பையிலேயே இருக்கட்டும்.

இதைப் படிக்கும்போதே கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பார். அந்த விரலின் அகலம் ஏறக்குறைய இரண்டு பாகை. ஒரு நேரத்தில் நம் கண் மிகக் கூர்மையாகக் காண்பது அவ்வளவு சிறிய இடத்தைத்தான். கண் அங்குமிங்கும் ஓடிப் பொறுக்கி வருவதை வைத்து மூளை ஒரு முழுக் காட்சியைக் கட்டிக்கொள்கிறது. தனக்கு வேண்டாததை அது விட்டுவிடும். கேமராவுக்கு வேண்டியது வேண்டாதது என்ற பாகுபாடு கிடையாது. நீ கவனிக்காமல் விட்டதையும் அது பதிவு செய்யும். நீ கவனிக்காமல் வெட்டியதைத் திருப்பித் தரவும் அதனால் முடியாது.

அதை நான் கற்றுக்கொண்ட விதத்தை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன்பு ஒரு கல்யாணத்துக்கு 36 படம் கொண்ட மூன்று ரோல்களோடு போயிருந்தேன். தாலி கட்டும் நேரத்தில் மணமக்களின் முகங்களை மட்டுமே பார்த்து ஷட்டரை அழுத்தினேன். டார்க் ரூமில் பிரிண்ட் போட்டபோது, படத்தின் இடது ஓரத்தில் பெண்ணின் தாயார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. அவர் முகத்தில் பாதிதான் சட்டத்துக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு அந்த அம்மாள் இறந்துவிட்டார். மகள் வந்து, அந்தப் படத்திலிருந்து அம்மாவை மட்டும் பெரிதாக்கித் தர முடியுமா, நெகட்டிவில் மீதி முகம் இருக்குமா என்று கேட்டார். நெகட்டிவை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து அவரிடமே காட்டினேன். மீதி அங்கும் இல்லை. நான் அரை அடி பின்னால் நகர்ந்திருந்தால் இருந்திருக்கும். அதற்குப் பிறகு நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வராமல் ஷட்டரை அழுத்தியதில்லை.

இக்கடிதத்தோடு ஓர் அட்டை வைத்திருக்கிறேன். பழைய காலண்டர் அட்டையில் 7.2 செ.மீ. நீளமும் 4.8 செ.மீ. உயரமும் கொண்ட துளை வெட்டியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் அதைப் பிடித்தால், 35 எம்.எம். ஃபிலிம் கேமராவில் 50 எம்.எம். லென்ஸ் காட்டும் பரப்பு தெரியும், 20 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 100 எம்.எம். லென்ஸின் பரப்பு. கையை முன்னும் பின்னும் நகர்த்தும்போது ஓரத்தில் எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிரு. ஆயிரம் படம் எடுத்துப் பழகுவதைவிட இதைப் பத்து நாள் செய்வது மேல் என்பது என் எண்ணம்.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தபோது லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரரைக் குறிப்பிட்டேன், நினைவிருக்கிறதா? 1858-இல் அவர் அந்த விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை, காகித நெகட்டிவ்களைக் கொண்டு பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். ஒரு படம் முடியும் இடத்தில் அடுத்தது சரியாகத் தொடங்க வேண்டும் என்றால், அந்தச் சுவரை எத்தனை முறை நடந்து பார்த்திருக்க வேண்டும்!

உன் 212 படங்களில் 141-ஆவது மட்டும் என்னைப் பிடித்து நிறுத்தியது. கல் தூணில் தோள் உயரத்தில், பலரும் கை வைத்து வைத்து மெருகேறிக் கறுத்த ஓர் இடம். அதன்மேல் ஒரு சிறுமியின் விரல்களின் நிழல். அங்கே நீ நின்று பார்த்திருக்கிறாய். எதைக் கண்டு நின்றாய் என்பதை எனக்கு எழுது.

இந்த மாதம் படம் எதுவும் அனுப்ப வேண்டாம். உன் வீட்டு பால்கனியில் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பத்து நிமிடம் நின்று, எதிர்ச் சுவரில் வெளிச்சம் எங்கே விழுந்தது, என்ன நிறத்தில் இருந்தது, நேற்று இல்லாத எது இன்று இருந்தது என்று நான்கு வரி எழுதி அனுப்பு. அம்மா உன் உடம்பை விசாரிக்கிறாள்.

அன்புடன்,
அப்பா