பித்தம் இல்லை என்று சொன்ன தங்கச்சிக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

அன்புள்ள ஊரவர்களுக்கும் வைத்தியசாலைப் பிள்ளைகளுக்கும்,

இந்தக் கடிதத்தை வலது கையால் எழுதுகிறேன். வைகாசியில் பாரிசவாதம் (பக்கவாதம்) வந்த அன்று இந்தக் கையால் என் மூக்கைத் தொட முடியவில்லை.

அன்று சிறுபோகத்துக்கு எங்கள் தண்ணி முறை. விடியப்புறம் வயலுக்குப் போய் மடையைத் திறந்துவிட்டு நிமிர்ந்தேன். வரம்பு அப்படியே சரிந்தது. ஒரு மண்வெட்டி இரண்டாகத் தெரிந்தது. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் சேற்றிலேயே குந்தி வாந்தி எடுத்தேன். பக்கத்து வயல் தம்பி என்னைத் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதோடு நிற்காமல், திரும்பிப் போய் என் மடையையும் அடைத்திருக்கிறார். பிறகு அந்தப் போகம் முழுக்க என் முறைக்கும் தண்ணி கட்டி, அறுவடை வரை பார்த்தவரும் அவர்தான். தம்பி, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

கைகால் விளங்காமல் போகவில்லை, வாய் கோணவில்லை. அதனால் பாரிசவாதம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு முந்தின மாதமே இரண்டு தடவை இப்படிச் சுற்றி, சில நிமிடங்களில் விட்டிருந்தது. அப்போது காட்டிய இடத்தில் பித்தம் என்று குளிசை தந்து அனுப்பினார்கள். அன்றும் அதையே நினைத்து, மனைவி தேசிக்காய் கரைத்துக் கொண்டுவந்தாள்.

அந்த நேரம் தாய்மாரைப் பார்க்க எங்கள் ஒழுங்கையால் வந்த மருத்துவமாதுத் தங்கச்சி கூட்டத்தைக் கண்டு உள்ளே வந்தார். “ஐயா, என்ர விரலைத் தொட்டுட்டு உங்கட மூக்கைத் தொடுங்கோ” என்றார். இடக்கை சரியாகப் போனது. வலக்கை கன்னத்தில் போய் முட்டியது. இன்னொரு தடவை செய்தேன், காதடியில் நின்றது. பேச்சும் குழறுகிறது என்று கவனித்தவரும் அவர்தான். “அக்கா, இது பித்தம் இல்லை. தண்ணி ஒன்றும் பருக்காதேங்கோ, விழுங்கேலாமல் நுரையீரலுக்குள்ள போயிடும்” என்று டம்ளரை வாங்கி வைத்துவிட்டு 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தார். தொடங்கிய நேரத்தைக் கேட்டு ஒரு துண்டில் எழுதி என் சட்டைப் பைக்குள் வைத்தார்.

இலவச அம்புலன்சில் வந்த இரண்டு பிள்ளைகளுக்கும், மல்லாவி வைத்தியசாலையில் அந்தத் துண்டைப் பார்த்ததும் தாமதிக்காமல் யாழ்ப்பாணம் அனுப்பிய வைத்தியருக்கும் நன்றி. நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். போகிற வாகனங்கள் நின்று கும்பிடும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தாமல் போனது என் வாழ்க்கையில் அன்றுதான். படுத்தபடியே பிள்ளையாரைக் கும்பிட்டேன்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் முதலில் சி.டி. ஸ்கான் எடுத்து இரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தார்கள். ஆனால் மூளையின் பின்பக்கத்தில் புதிதாக வந்த அடைப்பு அதில் பல வேளை தெரியாதாம். எம்.ஆர்.ஐ.யில்தான் வலது பக்கச் சிறுமூளையில் பாதிப்புத் தெரிந்தது. மற்றப் பாரிசவாதம் போல எதிர்ப்பக்கம் இல்லை, சிறுமூளையில் வந்தால் அதே பக்கத்துக் கைகால்தான் தடுமாறும். வைத்தியர் என் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் கீறிக் காட்டினார்: கழுத்தெலும்புத் துளைகளுக்குள்ளால் இரண்டு நாடிகள் மேலே ஏறி, மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்து, மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் பார்வைக்குரிய பின்மூளைக்கும் இரத்தம் கொண்டுபோகின்றன. இரண்டு வாய்க்கால் ஒன்றாகிற மாதிரி. எனக்கு அதில் ஒன்று கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருந்தது. முதல் வந்த சின்னச் சுற்றுகளும் அந்த ஒடுக்கத்தின் அறிவிப்புத்தான்.

நாடியை அடைக்கும் இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடுவதென்றால் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். எனக்கு அது தேவைப்படாத அளவில் நின்றது. ஆனால் சிறுமூளை வீங்கினால் அந்தச் சின்ன இடத்துக்குள் மூளைத்தண்டை நெரிக்கும் என்று, மூன்று இரவு மணிக்கொருதரம் என்னை எழுப்பி, ரோச் அடித்துக் கண்ணைப் பார்த்த தாதிமாரை எப்படி மறப்பேன்? ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. வாந்தி எடுத்தபோது ஏந்திப் பிடித்த சிற்றூழியர் தம்பிக்கும், தரைக்கல்லின் கோட்டில் ஒரு அடிக்குப் பின் ஒரு அடியாக என்னை நடக்கப் பழக்கிய உடற்பயிற்சி சிகிச்சைப் பிள்ளைக்கும் கோடி புண்ணியம். இவ்வளவுக்கும் என்னிடம் யாரும் ஒரு சதம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு மாறிமாறிச் சோறு கொண்டுவந்த அயலுக்கும், என்னோடு நின்று களைத்த மனைவிக்கும் நன்றி. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சுற்றெல்லாம் மூளை வருத்தம் இல்லை, அது உண்மை. ஆனால் திடீரென்று சுற்றி, ஒன்று இரண்டாகத் தெரிந்தால், பேச்சுக் குழறினால், நிற்க முடியாமல் ஒரு பக்கம் சரிந்தால், சிலநிமிடத்தில் மாறினாலும் படுத்திருக்காதேங்கோ. நான் இப்போது அஸ்பிரின், கொழுப்புக் குளிசை, பிரஷர்க் குளிசை மூன்றையும் ஒருநாளும் விடுவதில்லை. நாற்பது வருடச் சுருட்டையும் விட்டுவிட்டேன்.

போன கிழமை கிளினிக்குக்குப் போகும்போது பஸ் முறிகண்டியில் நின்றது. இறங்கி ஒரு தேங்காய் வாங்கினேன். வலது கையால்தான் ஓங்கி அடித்தேன். நினைத்த இடத்திலேயே விழுந்து உடைந்தது. மருத்துவமாதுத் தங்கச்சி, அது உங்கள் பெயருக்கு.