பிளேடைத் தடுக்காதீர்கள், டயர் செட்களை எண்ணுங்கள்: பக்கி பந்தய அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லைப்புற ஆர்சி பக்கி (ரிமோட்டில் ஓட்டும் சின்னக் கார்) பந்தயத்தை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் சேட்டன்மார்களுக்கும்,

வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ஒரு ரீட்ரெடிங் பட்டறையில் 18 வருஷமாக வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் லாரி டயர், ராத்திரியில் உள்ளங்கைக்குள் அடங்கும் டயர். நம் டிராக்கில் நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பின் சக்கரங்கள் மட்டும் தள்ளுகிற டூ வீல் டிரைவ் பக்கி ஓட்டுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை வேப்ப மரத்தில் கட்டியிருந்த உங்கள் அறிவிப்பைத் தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை படித்தேன். அடுத்த சீசனிலிருந்து டயர் கடையில் வாங்கியபடியே ஓட வேண்டும் என்கிறீர்கள். முள் வெட்டக் கூடாது, உரசக் கூடாது, ஓட்டை போடக் கூடாது, உள்ளே இருக்கும் ஃபோமில் கை வைக்கக் கூடாது. எல்லோருக்கும் சம வாய்ப்பு கிடைக்கத்தான் இந்த விதி என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சம வாய்ப்புக்காகத்தான் நானும் எழுதுகிறேன். இந்த விதி அப்படியே வந்தால், ஐந்து வகை டயர் வாங்க வசதி உள்ளவர் ஜெயிப்பார், ஒரே வகை வைத்திருப்பவர் வீட்டுக்குப் போவார்.

(டயர் மேலுள்ள ரப்பர் குச்சிகளை நாம் ‘பின்’ என்றுதான் சொல்லுவோம். பின் சக்கரத்தோடு குழம்பும் என்பதால் இந்தக் கடிதம் முழுக்க ‘முள்’ என்றே எழுதுகிறேன்.)

முதலில் நம் மண்ணைப் பாருங்கள். கேரளம் என்றால் செம்மண் என்று நினைத்து வருகிறவர்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கரிசலைப் பார்த்துத் திகைத்துப் போகிறார்கள். மாநிலத்தில் கரிசல் இருப்பதே இந்தக் கிழக்கு மூலையில்தான். ஒரே பகலுக்குள் மூன்று விதமாக மாறுகிற மண் அது. காலை ஏழு மணிக்குத் தெளித்த தண்ணீரும் இரவுப் பனியும் சேர்ந்து பசை மாதிரி அப்பும். முட்களுக்கு நடுவில் மண் அடைத்துக்கொண்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரும் வழுக்குகிற உருளைதான். பத்து மணிக்கு மேல் தரை காய்ந்து மேலாகப் பொடி நிற்கும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று அந்தப் பொடியையும் வாரிக்கொண்டு போய்விடும். மத்தியானத்துக்குள் கார்கள் ஓடி ஓடி, ரப்பர் படிந்து, வளைவுகளில் கறுத்துப் பளபளக்கிற ஒரு கோடு விழுந்திருக்கும். அதன் மேல் ஓட்டுவது சிமெண்டுத் தரையில் ஓட்டுவது மாதிரி. அரை அடி விலகினால் மறுபடியும் பொடி.

காலை ஈரத்துக்கு உயரமான, இடைவெளி விட்ட முள் வேண்டும், அப்போதுதான் மண் உதிர்ந்து விழும். பொடிக்கு நடுத்தர உயரம். கறுத்த கோட்டுக்குத் தாழ்வான, நெருக்கமான முள். அங்கே உயரமான முள் வளைந்து வளைந்து ஆடும், கார் எந்தப் பக்கம் போகும் என்றே சொல்ல முடியாது. இதற்கு மேல் ரப்பரின் மென்மை வேறு இருக்கிறது. பட்டறையில் நாங்கள் ஒட்டும் லாரி ட்ரெட், ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் அளவையில் 60-க்கு மேல் இருக்கும். பக்கி டயரின் சாஃப்ட், சூப்பர் சாஃப்ட் எல்லாம் அதைவிட எவ்வளவோ இளசு, நகம் பட்டாலே குழி விழும். குளிர் நேரத்தில் சூப்பர் சாஃப்ட் நன்றாகப் பிடிக்கும். நம் பங்குனி, சித்திரை வெயிலில் அதுவே அழிரப்பர் மாதிரி கரைந்துவிடும். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவான ஊர்ப்பக்கம் இது. காற்றே அந்தச் சூடு என்றால் கரிசல் தரை எவ்வளவு கொதித்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆக மூன்று முள், இரண்டு மென்மை. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி. போன வருஷம் நான் வரவழைத்த ஒரு ஜோடி பின் டயர், ஃபோமும் கப்பல் கூலியும் வரியும் சேர்ந்து, 2,500 ரூபாயைத் தொட்டது. ரிம் அதில் சேர்த்தியில்லை. இந்தக் கணக்கில் ஒரு நாள் பந்தயத்துக்கு வேண்டியதை எல்லாம் வாங்கி வைக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

ஒரு ஜோடியை மூன்று ஜோடியாக்கித் தருவது பிளேடும் உப்புத்தாளும்தான்.

வேலந்தாவளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவரின் மகன் நம்மோடு ஓட்டுகிறான். பத்தாவது படிக்கிறான். கார் பழையது, பின் டயர் இரண்டு ஜோடி, அதுவும் ஒருவர் ஓட்டிக் கொடுத்தது. போன சீசன் கடைசிப் பந்தயத்தில் காலை ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், அவன் கார் ஒவ்வொரு வளைவிலும் கவிழ்ந்தது. கிரிப் இல்லாமல் சறுக்கியிருந்தால் புரிந்துகொண்டிருப்பான், கிரிப் கூடிப்போய்க் கவிழ்ந்ததுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. டயரின் ஓரத்து முட்கள் தரையைக் கவ்விக்கொள்ள, ஒன்றரைக் கிலோ கார் தன் வேகத்திலேயே பக்கவாட்டில் உருண்டுவிடுகிறது. அவனை உட்கார வைத்து, வெளி ஓரத்து ஒரு வரிசை முள்ளை மட்டும் அடியோடு வெட்டச் சொன்னேன். முன் டயரில் நேராக ஓடும் வரிகளில் கடைசி வரியைப் பாதி உயரத்துக்குச் சீவச் சொன்னேன். இருபது நிமிஷ வேலை. அடுத்த ஹீட்ஸில் ஒரு தடவைகூடக் கவிழவில்லை. அவன் மெயின் என்கிற இறுதிப் பந்தயத்துக்கு வந்ததைப் பார்த்துக் கைதட்டியவர்களில் உங்களில் மூன்று பேர் இருந்தீர்கள். புது விதிப்படி அன்று அவன் பதினொரு மணிக்கே பெட்டியை மூடியிருக்க வேண்டும்.

ஃபோமைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாததால் பேச்சில் வருவதில்லை, ஆனால் டயரின் பாதி வேலையை அதுதான் செய்கிறது. பக்கி டயரில் நாம் காற்று அடைப்பதில்லை. காற்று செய்ய வேண்டியதை ஃபோம் செய்கிறது. ஃபோம் அகலம் கூடினால் டயர் பக்கம் உப்பி ஓரம் தரையைத் தொடும், குறைந்தால் வளைவில் டயர் மடங்கும். அதன் இரண்டு ஓரத்தையும் கத்தரியால் லேசாக வட்டமாக்கினால் கார் எவ்வளவு சாதுவாகத் திரும்பும் என்பதைச் செய்து பார்த்தவர்தான் அறிவார். டயரின் முள்ளைத் தொடாமலே அதன் குணத்தை மாற்றும் வழி அது. செலவு ஒரு பைசா கிடையாது.

‘ஓட்டை போடக் கூடாது’ என்ற வரிதான் எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தந்தது. ரிம்மில் டயரைச் சுற்றிலும் ஒட்டிவிட்டால் உள்ளே இருக்கும் காற்று எங்கே போகும்? ஜம்ப் முடிந்து கார் தரையில் விழும்போது டயர் அமுங்கிக் கொடுக்க வேண்டும். காற்று வெளியேற வழி இல்லையென்றால் பந்து மாதிரி எகிறும். அதற்காகத்தான் எதிரெதிரே இரண்டு சின்ன ஓட்டை. சில கம்பெனி ரிம்களில் இந்த ஓட்டை போட்டே வருகிறது. அந்த ரிம் வைத்திருப்பவர் விதிக்குள், ஓட்டை இல்லாத ரிம்மில் தானே போட்டுக்கொண்டவர் விதிக்கு வெளியேயா? ஓட்டையை எங்கே போடுவது என்பதும் மண்ணைப் பார்த்துச் செய்வது. ஈரத்தில் ரிம் ஓட்டை வழியே உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. ஃபோம் அதைக் குடித்துக் கனத்து, சக்கரம் ஒருபக்கமாக ஆட ஆரம்பிக்கும். டயரின் நடுவில் போட்டால் சுற்றுகிற வேகமே தண்ணீரை வெளியே விசிறிவிடும். பதினைந்து வயசுப் பையன் இதைக் கையால் செய்து தெரிந்துகொள்கிற இடம் இந்த விளையாட்டு. அதை ஏன் மூட வேண்டும்?

இன்னொன்று, ‘வாங்கியபடியே’ என்பதை எப்படிச் சோதிப்பீர்கள்? பந்தய டயர் பெரும்பாலும் ரிம்மில் ஒட்டாமல்தான் வருகிறது. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகத் தடவிய வழுவழுப்பு அதன் மேல் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவாமல் ஒட்டினால் ஃபெவிக்விக் பிடிக்காது, இரண்டாவது சுற்றில் டயர் கழன்று ஓடும். கழுவுவது மாற்றமா? ஒட்டுவது மாற்றமா? கறுத்த கோட்டில் புது டயரைவிட முள் பாதி தேய்ந்த டயர் வேகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் மூன்று வாரம் பிராக்டீஸ் ஓடித் தேய்க்கிறார். அவரிடம் பேட்டரி நிறைய, நேரம் நிறைய. இன்னொருவர் அதே அளவை ஞாயிற்றுக்கிழமை காலை 120-ஆம் நம்பர் உப்புத்தாளில் பத்து நிமிஷத்தில் தேய்க்கிறார். மேசையில் இரண்டு டயரையும் வைத்தால் 18 வருஷம் டயரைத் தேய்க்கும் பஃபிங் வேலை பார்த்த எனக்கே சில சமயம் வித்தியாசம் தெரியாது. பிடிக்க முடியாத குற்றத்துக்கு விதி எழுதினால், பிடிபடுகிறவன் உண்மையைச் சொல்லுகிறவன் மட்டும்தான்.

ஃபார்முலா ஒன்னில் 2011 முதல் பிரெல்லி கம்பெனி டயர் ஒன்றுதான், அங்கே யாரும் டயரில் கை வைக்க முடியாதே என்று அன்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே எல்லா அணிக்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவில் டயர் தருகிறது. வழக்கமான ஒரு பந்தய வாரத்துக்கு ஒரு டிரைவருக்கு உலர் தரை டயர் 13 செட். அதற்கு மேல் எவ்வளவு பணம் இருந்தாலும் கிடையாது. அங்கே சமத்தைக் கொண்டுவருவது அந்த எண்ணிக்கைதான். நீங்கள் அதிலிருந்து கை வைக்காதே என்பதை எடுத்துக்கொண்டு, எண்ணிக்கையை விட்டுவிட்டீர்கள்.

டயருக்கு மருந்து தடவுவதை நீங்கள் தடுத்தால் நான் முழுக்க உங்கள் பக்கம். டயர் மேல் எண்ணெயும் கரைப்பானும் தடவி ரப்பரை ஊறவைத்துக் கிரிப் ஏற்றுகிற பழக்கம் நம்மிடமும் நுழைந்துவிட்டது. என்ன தடவினார் என்று யாருக்கும் தெரியாது, நாற்றம் ஷெட் முழுக்க நிற்கிறது, பிள்ளைகள் கையுறை இல்லாமல் தொடுகிறார்கள். பட்டறையில் சொல்யூஷன் வாடையோடு வாழ்கிறவன் சொல்கிறேன், அது நுரையீரலுக்கு நல்லதல்ல. அதைத் தடை செய்யுங்கள். டயரைத் துடைக்கத் தண்ணீரும் துணியும் போதும்.

நான் கேட்பது இதுதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முன் டயர் இரண்டு ஜோடி, பின் டயர் இரண்டு ஜோடி. காலையில் பெயர் கொடுக்கும்போதே ரிம்மின் உட்புறம் பெயிண்ட் பேனாவால் குறி போட்டுவிடுங்கள், குறியில்லாத டயர் டிராக்குக்குள் வரக்கூடாது. அந்த நான்கு ஜோடியில் பிளேடு, கத்தரி, உப்புத்தாள், ஓட்டை போடும் பஞ்ச் கொண்டு யார் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். சேர்க்கலாம் என்றால் பசையும், உள்பக்கம் ஒட்டும் டேப்பும், பேலன்ஸுக்கு ரிம்மில் வைக்கும் களிமண் மாதிரியான புட்டியும் மட்டும். எல்லோரும் ஒரே டயர் என்று பிற்பாடு நீங்கள் முடிவெடுத்து, மொத்தமாக வரவழைத்து விலையைக் குறைத்தால் அதற்கும் நான் சம்மதம். அப்போதும் பிளேடு மேசை மேல் இருக்கட்டும்.

வெட்டத் தெரியாதவர்கள் பின்தங்கிப் போவார்களே என்று கேட்பீர்கள். சொல்லிக் கொடுத்தால் தெரிந்துகொள்வார்கள். பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டில் ஒரு மேசை போட்டுத் தாருங்கள். நானும் பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரும் வருகிறோம். ஒட்டுவது, கழற்றுவது, வெட்டுவது எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லித் தருகிறோம். எங்கே வெட்டக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான். தப்பாக வெட்டிய முள் திரும்ப முளைக்காது, ஆகவே முதலில் பழைய டயரில் பழகட்டும்.

அடுத்த வாரம் உங்கள் கூட்டத்துக்கு நான் வருகிறேன். ஒரே ரப்பர் காம்பவுண்ட், ஒரே மாடலில் இரண்டு ஜோடி கொண்டுவருவேன், ஒன்று வாங்கியபடி, ஒன்று வெட்டியது. விதியை எழுதிய அண்ணன் தன் காரையே எடுத்து வரட்டும். மத்தியானம் இரண்டு மணி வெயிலில், கறுத்த கோடு விழுந்த பிறகு, இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி அவரே ஐந்து சுற்று ஓட்டிப் பார்க்கட்டும். அதன் பிறகு ஓட்டெடுப்பை வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
டூ வீல் டிரைவ் வகுப்பில் ஓட்டும் ஒரு ரீட்ரெடிங் தொழிலாளி,
கொழிஞ்சாம்பாறை