பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்: எங்கள் மாணவர்களுக்கு ஒரு ராக்கெட் நாள் வேண்டும்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் பகுதியில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். 2022இல் வானவில் மன்றத்தைத் தொடங்கி, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் கைக்கே அறிவியல் சோதனைகளைக் கொண்டுவந்து சேர்த்த துறை நீங்கள் என்பதால், இந்தக் கோரிக்கையை உங்களிடமே வைக்கிறேன். மாணவர்கள் தாங்களே கட்டிய சிறிய மாதிரி ராக்கெட்டுகளை, ஆசிரியர் மேற்பார்வையில், விதிப்படி பறக்கவிடும் ஒரு நாளை ஆண்டுதோறும் மாவட்டந்தோறும் நடத்த வேண்டும். அதை எங்கள் மாவட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கடந்த கோடை விடுமுறையில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கும் என் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவள் மகள் ஒரு ராக்கெட் மன்றத்தில் உறுப்பினர். அவர்களுடைய ஏவுநாள் ஒன்றில் காலை முதல் மாலை வரை உடனிருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு மேய்ச்சல் நிலம். ஏவு மேடைகளைச் சுற்றிக் காய்ந்த புல்லை அடியோடு செதுக்கியிருந்தார்கள். பக்கத்திலேயே தண்ணீரும் தீயணைப்புக் கருவியும் இருந்தன.

என் மருமகளின் ராக்கெட் காகித அட்டைக் குழாய், இலேசான பால்சா மரத்தில் அறுத்த மூன்று சிறகுகள், பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு ஆகியவற்றால் ஆனது. பாராசூட் கருகாமல் இருக்கத் தீப்பற்றாத காகிதத்தை முதலில் குழாய்க்குள் திணித்தாள். பாராசூட்டின் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப்பவுடரைத் தூவி, நூல்கள் சிக்காதபடி சுருட்டி உள்ளே வைத்தாள். மோட்டார் ஆள்காட்டி விரல் நீளமே உள்ள ஒரு காகிதக் குழாய்தான். அதன் அடியில் களிமண் துவாரம், மேலே அழுத்திய கருமருந்து, அதற்கு மேல் உந்துவிசை தராமல் மெதுவாக எரியும் தாமதக் கலவை, உச்சியில் பாராசூட்டை வெளியே தள்ளும் சிறிதளவு மருந்து. மேலுறையில் ‘சி6-5’ என்று அச்சிட்டிருந்தது. ‘சி’ என்பது மொத்தக் கணத்தாக்கின், அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கி வருவதன், வகுப்பு; ‘ஏ’யிலிருந்து ‘பி’, ‘பி’யிலிருந்து ‘சி’ என ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் உச்சவரம்பு இரட்டிப்பாகிறது. 6 என்பது நியூட்டனில் சராசரி உந்துவிசை. 5 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட் விரியும் வரையிலான நொடிகள். பத்தாம் வகுப்பு மாணவர்கள் பொருள் புரியாமல் மனப்பாடம் செய்யும் கணத்தாக்கு என்னும் கருத்தை அந்தச் சிறுமி தன் ராக்கெட்டின் எடையோடு சேர்த்து யோசித்து, எந்த மோட்டாரை வாங்குவது என்று முடிவெடுத்திருந்தாள்.

மேடைக்குப் போகும் முன் ஒவ்வொரு ராக்கெட்டையும் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்தார். மூக்குக் கூம்பு மிக இறுக்கமாகவோ மிகத் தளர்வாகவோ இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு சிறகையும் விரலால் அசைத்துப் பார்த்தார். பத்து வயதுப் பையன் ஒருவனின் ராக்கெட்டில் ஒரு சிறகு மிக இலேசாக ஆடியது. அவர் அதை அனுமதிக்கவில்லை. சிறகு ஆடினால் காற்றின் விசை ஒருசேரச் செயல்படும் புள்ளியான காற்றழுத்த மையம் இடம் மாறும், அது புவியீர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால்தான் ராக்கெட் நேராகப் போகும் என்று அவனுக்குப் பொறுமையாக விளக்கினார். பையன் அழவில்லை, வாதாடவும் இல்லை. பசை தடவி, காயும் வரை நிழலில் உட்கார்ந்திருந்து, மதியத்துக்குமேல் பறக்கவிட்டான். அன்று நான் கண்டவற்றில் என்னை மிகவும் நெகிழவைத்தது இதுதான்.

ஏவும் முறையும் அப்படியே. பெரியவர்கள் உட்பட எல்லாரும் குறைந்தது 15 அடி தள்ளி நிற்க வேண்டும். தீக்குச்சிக்கு இடமே இல்லை. தொலைவிலிருந்து மின்சாரம் பாய்ச்சித்தான் பற்றவைக்க வேண்டும். சாவியைச் செருகினால்தான் பொத்தான் வேலை செய்யும். பற்றாமல் போனால் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் யாரும் அருகில் போகக் கூடாது. காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் ஏவக் கூடாது. மின்கம்பியில் சிக்கிய ராக்கெட்டை மீட்க முயலவே கூடாது. அன்று அப்படிச் சிக்கிய ஒன்றை அதன் சொந்தக்காரர் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

என் மருமகளின் ராக்கெட் ஒரு சீறலோடு கிளம்பியது. இரண்டு நொடிக்குள் மருந்து எரிந்து தீர, எஞ்சிய வேகத்தில் மேலேறி, உச்சியில் சிவப்புப் பாராசூட் விரிந்தது. ஏவுமிடத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி, கோணமானியில் நூல் குண்டு கட்டி நின்ற அவள் தோழி, ஏற்றக் கோணம் 60 பாகை என்று கத்தினாள். உயரம் 173 மீட்டர் என்று இருவரும் தாளில் போட்டுப் பார்த்தார்கள். நம் பத்தாம் வகுப்புக் கணக்கில் கோபுரத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் போடும் அதே கணக்கு அது.

வெடிமருந்தையும் குழந்தைகளையும் ஒரே வாக்கியத்தில் சொன்னாலே உங்களுக்குக் கவலை வரும் என்பதை அறிவேன். பக்கத்து மாவட்டத்துப் பட்டாசு ஆலை விபத்துகளைச் செய்தியில் படித்தே வாழ்கிறவர்கள் நாங்கள். இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே அதே கவலையில்தான். 1957இல் ஸ்புட்னிக் பறந்த காலத்தில் அமெரிக்கச் சிறுவர்கள் உலோகக் குழாயில் தாங்களே மருந்தைக் கெட்டித்துப் படுகாயமடைந்தார்கள், சிலர் உயிரையே இழந்தார்கள். நெப்ராஸ்காவில் காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் அதற்கு முன்பே காகித உடலும், பயன்படுத்தியபின் மாற்றக்கூடிய மோட்டாரும் கொண்ட ராக்கெட்டை உருவாக்கியிருந்தார். அதை அவர் ராக்கெட் பொறியாளர் ஹாரி ஸ்டைனுக்கு அனுப்ப, அதிலிருந்து தொழிற்சாலை மோட்டாரும் பாதுகாப்பு நெறிமுறையும் தேசிய ராக்கெட் சங்கமும் வளர்ந்தன. உதிரி வெடிமருந்தைச் சிறுவர் கையிலிருந்து எடுத்துவிட்டு, பறக்கவிடும் உரிமையை மட்டும் அவர்களிடம் விட்டார்கள். இன்றும் அந்நாட்டு விமானப் போக்குவரத்து விதிகள், 125 கிராமுக்கு மேற்படாத எரிபொருளும் 1500 கிராமுக்கு மேற்படாத மொத்த எடையும் கொண்ட, காகிதம், மரம், எளிதில் உடையும் பிளாஸ்டிக் ஆகியவற்றால் ஆன ராக்கெட்டுகளைத் தனி வகுப்பாகவே வைத்திருக்கின்றன.

நீங்கள் முதல் ஆண்டிலேயே மருந்தைத் தொட வேண்டியதில்லை. வானவில் மன்றத்துப் பிள்ளைகளுக்குக் குளிர்பான பாட்டிலும் சைக்கிள் பம்பும் போதும். நீர் ராக்கெட்டிலும் நியூட்டனின் மூன்றாம் விதியும் நிலைத்தன்மையும் ஏற்றக் கோணமும் அப்படியே இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு மோட்டார் வேண்டும். அதற்குப் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புடன் நீங்கள் பேச வேண்டும். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டு, எந்த மோட்டாரை, யார் வாங்கி, எங்கே வைத்து, எவர் முன்னிலையில் பயன்படுத்தலாம் என்று ஒரு சாதாரண ஆசிரியருக்குப் புரியும் தமிழில் நெறிமுறை ஒன்று வெளிவர வேண்டும். காகிதக் குழாயும் கருமருந்தும் அறிந்த கைகள் சிவகாசியில் இருக்கின்றன. சோதித்துச் சான்றளித்த சிறு மோட்டாரை இங்கேயே செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

போட்டி வேண்டுமென்றால் அதற்கும் முன்மாதிரி உண்டு. 2003 முதல் அமெரிக்கப் பள்ளி அணிகள் பச்சை முட்டையை ராக்கெட்டில் வைத்து, சொன்ன உயரத்துக்கு அனுப்பி, சொன்ன நேரத்தில் உடையாமல் தரையிறக்கப் போட்டியிடுகின்றன. அதைச் சத்துணவுக் கூடத்து முட்டை ஒன்றைக் கொண்டு எங்கள் மாணவர்களாலும் செய்ய முடியும்.

எங்கள் மாவட்டத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2024 பிப்ரவரி 28 அன்று, எங்கள் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் அமையும் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதைப் பற்றி என் வகுப்பில் கேட்காத பிள்ளை இல்லை. அந்தத் தளத்தில் நாளை வேலைக்குப் போக வேண்டியவர்கள், கடற்கரையில் நின்று புகையை வேடிக்கை பார்ப்பவர்களாக மட்டும் வளர்ந்துவிடக் கூடாது.

இடமும் காலமும் தடையல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையையும் ஆடிக் காற்றையும் தவிர்த்துவிட்டு, உளுந்தும் பாசியும் எடுத்து முடிந்த மாசிக் கடைசியில் எங்கள் கரிசல் காடுகள் கண்ணுக்கெட்டியவரை வெறுமையாகக் கிடக்கும். மின்கம்பி இல்லாத அப்படியொரு நிலத்தை ஒரு நாளுக்குத் தர எங்கள் ஊர் விவசாயிகள் சம்மதித்திருக்கிறார்கள். நீர் ராக்கெட்டுக்கான பாடத்திட்ட வரைவையும் ஏவுகளப் பாதுகாப்பு நெறிகளின் தமிழ் வடிவத்தையும் சக ஆசிரியர்களோடு சேர்ந்து தயாரித்து வைத்திருக்கிறேன். மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் முன்னிலையில் அவற்றை விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், வரும் மாசியில் முதல் ஏவுநாளை நடத்த அனுமதி வழங்குமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்,
தூத்துக்குடி மாவட்டம்.