விசிறியை வீட்டுக்குள்ளிருந்தே இயக்க விடுங்கள்: மின்விசிறி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய ஃபர்ம்வேர் (விசிறிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் பற்றித்தான் எழுதுகிறேன். வீட்டு வைஃபைக்குள்ளிருந்தே விசிறியை இயக்கும் வழியை அது அடைத்துவிட்டது. புகார் அனுப்பினேன். எங்கள் ஆப்பை மட்டும் பயன்படுத்தவும் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. உங்கள் பெயரை இங்கே போடவில்லை. இந்த வழக்கம் உங்களிடம் மட்டும் இல்லை, இதையே செய்யும் மற்றவர்களும் படிக்கட்டும்.

என் அம்மாவுக்கு 74 வயது. பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையும் காலும் வராது. உங்கள் ரிமோட்டில் பட்டன்கள் சிறியவை, இருட்டில் தடவினால் எது எதென்று தெரியாது. அதனால் கட்டில் சட்டத்தில் பெரிய ஜிக்பீ (வயரில்லாத) பட்டன் ஒன்றை ஒட்டினேன். ஹாலில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஓடும், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் வழியாக அதை விசிறியோடு சேர்த்தேன். ஒருமுறை அழுத்தினால் வேகம் ஒரு படி குறையும், அழுத்திப் பிடித்தால் விசிறி நின்றுவிடும். இரண்டு வருடம் ஒருநாளும் தவறவில்லை.

அப்டேட்டுக்குப் பிறகு வேறு வழியில்லாமல் அதை இன்டர்நெட்டில் உங்கள் சர்வர் வழியாக மாற்றினேன். போன வாரம் ராத்திரி பெய்த மழையில் தெருவில் ஃபைபர் லைன் அறுந்துவிட்டது. கரண்ட் இருந்தது, விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்குளிரில் அம்மா பட்டனை அழுத்தியிருக்கிறார், மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறார். காலடியில் கிடந்த போர்வையை ஒரு கையால் இழுக்க முடியவில்லை. சுவர் ஸ்விட்ச் எட்டடி தள்ளி. காலையில் நான் போனபோது கை ஐஸாக இருந்தது. "ஏம்மா கூப்பிடல?" என்றேன். "பகல் பூரா ஓடுற பிள்ள, எதுக்கு எழுப்பணும்னு இருந்துட்டேன்" என்றார். அவர் யாரையும் கூப்பிடாமல் இருக்கத்தான் அந்தப் பட்டனையே வைத்தேன். கட்டிலுக்கு நேர் மேலே தொங்கும் விசிறிக்கு ஒரு கட்டளை போய்ச்சேர ஏன் இன்டர்நெட் வேண்டும்? இதற்கு மட்டுமாவது நேரான பதில் சொல்லுங்கள்.

சர்வருக்குச் சுமை, பாதுகாப்பு என்று இரண்டு காரணங்களை இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்வார்கள். சுமையை எடுத்துக்கொள்வோம். 2023இல் அமெரிக்காவின் சேம்பர்லெய்ன், தன் மைக்யூ கராஜ் கதவுகளை வெளி மென்பொருள்கள் இயக்குவதைத் தடுத்தது. அப்படி வெளி மென்பொருள் வழியாக வரும் 0.2 சதவீதப் பயனர்களே சர்வர் போக்குவரத்தில் பாதிக்கு மேல் உண்டாக்குகிறார்கள் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் ஹோம் அசிஸ்டன்ட் அந்த இணைப்பையே நீக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்குள்ளேயே பேச வழி கொடுத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் சர்வர் பக்கம் வந்திருப்பார்கள்? என் பட்டனும் அப்படித்தான். அப்டேட்டுக்கு முன்பு உங்கள் சர்வரை அது தொட்டதே இல்லை.

பாதுகாப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. வாங்கியவர் ஆப்பில் சம்மதித்தால் மட்டும் ஒரு டிஜிட்டல் சாவி கிடைக்கும்படி வையுங்கள், அந்தச் சாவி உள்ளவரே இயக்கட்டும். பிலிப்ஸ் ஹியூ விளக்குகளை இயக்கும் பெட்டியில் பட்டனை அழுத்தி அனுமதி தந்தால்தான் வெளி மென்பொருள் சேரும், சேர்ந்தபின் விளக்குகள் வீட்டுக்குள்ளேயே இயங்கும். ஷெல்லி நிறுவனம் தன் ஸ்விட்சுகளுக்கு வீட்டுக்குள்ளிருந்தே கட்டளை தரும் முறையை (உள்ளூர் ஏபிஐ) முழுசாக எழுதி வெளியிட்டிருக்கிறது. ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்களுக்கான மேட்டர் என்ற பொதுத்தரமும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசுவதுதான், 2023 அக்டோபரில் வந்த அதன் 1.2 பதிப்பில் மின்விசிறியும் சேர்ந்துவிட்டது. புதிதாக எதையும் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நீங்கள் அடைத்த வழி நீங்கள் எழுதிக் கொடுத்ததல்ல. விசிறிக்கு எந்த வடிவில் கட்டளை போகிறது என்று தன்னார்வலர்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தது. சம்பளம் இல்லாமல் உங்கள் பொருளுக்கு மதிப்புக் கூட்டியவர்கள் அவர்கள். அவர்களின் உழைப்பை ஒரே அப்டேட்டில், முன்னறிவிப்பு கூட இல்லாமல், குப்பையாக்கினீர்கள். அப்புறம் உங்கள் ஆப்! விசிறியைச் சுற்ற வைக்க என் ஃபோன் நம்பர் எதற்கு, நான் இருக்கும் இடம் எதற்கு? 2022 ஏப்ரலில், ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்கள் விற்ற இன்ஸ்டியான் நிறுவனம் திடீரென்று சர்வரை நிறுத்தியபோது, ஆப்பை மட்டும் நம்பியிருந்தவர்கள் தவித்துப் போனார்கள். அதன் ஹப் என்ற மையப் பெட்டியோடு வீட்டுக்குள்ளேயே ஹோம் அசிஸ்டன்டை இணைத்திருந்தவர்களுக்கு விளக்கு எரிந்தது. நாளைக்கு உங்கள் சர்வர் நின்றால் நாங்கள் யாரைக் கேட்பது? காசு கொடுத்து வாங்கிய பொருள் எங்களுடையது.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். விசிறியை வீட்டுக்குள்ளிருந்தே இயக்கும் வழியைத் திரும்பத் திறந்துவிடுங்கள், அதன் விவரத்தை நாலு பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். இணைப்பு நிரலை எழுதவும் காலத்துக்கும் பராமரிக்கவும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். வெளியிடும் முன் சோதித்துப் பார்க்க ஒரு வீடு வேண்டுமென்றால் எங்கள் வீடு இருக்கிறது.

அம்மாவின் பட்டன் இன்னும் கட்டில் சட்டத்தில்தான் இருக்கிறது. அடுத்த மழைக்குள் ஒரு நல்ல பதிலை அனுப்புங்கள் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விசிறிகள் மூன்றை வாங்கிய ஒரு வாடிக்கையாளர்