பதினாறாம் பகுதி வெண்ணெய்த்தாழி

மன்னார்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பாமணி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நம் தெருக்காரர்கள் நாற்றங்காலில்தான் இருக்கிறார்கள். அப்பாயிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

நம் டிவி தொடர்களும் கோயில் விழா வீடியோக்களும் இருக்கிற, நீ கேட்ட ஹார்டு டிஸ்க்கை அடுத்த வாரம் மாமா பெங்களூரு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். "அப்படியே அனுப்புங்கப்பா, ஜெல்லிஃபின் எல்லாத்தையும் அதுவே கண்டுபிடிச்சுக்கும்" என்று போனில் சொன்னாய். கண்டுபிடிக்காது பாப்பா. கொஞ்சத்துக்கு நான் இங்கேயே பெயர் மாற்றி வைத்திருக்கிறேன், மீதியை நீதான் செய்ய வேண்டும். போனில் சொன்னால் மனதில் நிற்காது, அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து வேலை பார்க்கும்போது இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

ஜெல்லிஃபின் என்பது நம் வீடியோக்களை அடுக்கி டிவியில் காட்டுகிற சர்வர் மென்பொருள்தானே. அது வீடியோவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. ஃபோல்டர் பெயரை எடுத்துக்கொண்டு டிஎம்டிபி, தி டிவிடிபி போன்ற தகவல் தளங்களில் போய்த் தேடுகிறது. எந்தத் தொடர் என்று முடிவானதும், ஃபைல் பெயரில் இருக்கும் சீசன் எண்ணையும் பகுதி எண்ணையும் வைத்து ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, கதைச் சுருக்கம், படம் எல்லாம் கொண்டுவந்து ஒட்டுகிறது. பட்டாவில் வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகிறோமே, அதே ஒழுங்குதான். மேலே தொடரின் பெயரில் ஒரு ஃபோல்டர், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒளிபரப்பு தொடங்கிய ஆண்டு. அதற்குள் சீசன் 01, சீசன் 02 என்று ஃபோல்டர்கள். அவற்றுக்குள் ஃபைல்கள். ஃபைல் பெயரில் மறுபடியும் தொடரின் பெயர், ஒரு சின்னக் கோடு, பிறகு எஸ்01இ05 என்ற குறி. அதாவது முதல் சீசன், ஐந்தாம் பகுதி. இந்தக் குறியையும் சீசன் என்ற சொல்லையும் டிஸ்க்கில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். சினிமாவை இதோடு கலக்காதே. அதற்குத் தனி ஃபோல்டர், தனி லைப்ரரி.

ஆண்டைப் போடச் சோம்பல்படாதே. மகாபாரதம் என்று மட்டும் எழுதினால் எந்த மகாபாரதம்? பி.ஆர். சோப்ரா தயாரித்து 1988இல் தூர்தர்ஷனில் தொடங்கியது 94 பகுதி. 2013இல் ஸ்டார் பிளஸில் தொடங்கி, தமிழில் விஜய் டிவியில் வந்தது 267 பகுதி. டிஸ்க்கில் இரண்டிலிருந்தும் இருக்கிறது. ஆண்டு இல்லாவிட்டால், அம்மாவுக்குப் பிடித்த பழைய தொடரின் மேல் புதிய தொடரின் படங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். ராமாயணத்திலும் ஒன்றைக் கவனி. ராமானந்த் சாகருடையது 1987, 78 பகுதி. பின்னால் வந்த லவ குசன் கதையை இரண்டாம் சீசனாகப் போடத் தோன்றும். அது உத்தர ராமாயணம் என்று தனித் தொடராக வந்தது, தனி ஃபோல்டர் கொடு. அப்படியும் சர்வர் தப்பாகப் பிடித்தால், தளத்தில் அந்தத் தொடருக்குள்ள அடையாள எண்ணை ஃபோல்டர் பெயரிலேயே சதுர அடைப்புக்குள் எழுதிவிடலாம். அதற்கப்புறம் அது ஊகிக்க வேண்டியதே இல்லை.

மெட்டி ஒலிக்குப் பகுதி எண்ணை மூன்று இலக்கத்தில் வை. 2002 முதல் 2005 வரை ஓடி 800 பகுதிகளைத் தாண்டிய தொடர். வெறுமனே 1, 2, 3 என்று வைத்தால் பல செயலிகளில் 1க்கு அடுத்து 10, அதற்கடுத்து 100 வந்து நிற்கும், 2 எங்கோ கீழே போய்விடும். 001 என்று தொடங்கினால் எங்கே திறந்தாலும் வரிசை கலையாது. எஸ், இ குறி இல்லாமல் 105 என்று மட்டும் இருந்தால் அதை முதல் சீசன் 5ஆம் பகுதி என்று பிரித்துப் படிக்கிற செயலிகளும் உண்டு. தீபாவளிக்கு அப்பாயி உன் வீட்டில்தான் இருப்பார். ரிமோட்டில் ஒரு பொத்தானைத்தான் அவர் அமுக்குவார், ஒரு பகுதி முடிந்தால் சரியான அடுத்த பகுதி தானாக வர வேண்டும். நடுவில் கதை தாவினால் அவருக்கு அதைத் திருப்பி எடுக்கத் தெரியாது, வருத்தப்பட்டு டிவியை அணைத்துவிடுவார்.

மர்மதேசத்தில் ரகசியம், விடாது கருப்பு, சொர்ண ரேகை என்று ஒவ்வொன்றும் தனிக் கதை. அவற்றை ஒரே தொடரின் சீசன்களாக வைப்பதா, தனித்தனித் தொடர்களாக வைப்பதா என்பதைத் தளத்தில் எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்று பார்த்துச் செய். நீளத் தொடர்களுக்கும் இதுவே விதி.

டிவிடியிலிருந்து எடுத்தவற்றில் நிறையப் பொறுமை வேண்டும். மென்பொருள் அவற்றுக்கு டைட்டில் 00, டைட்டில் 01 என்று அதுவாக ஒரு பெயர் வைத்திருக்கும். அந்த வரிசைதான் கதையின் வரிசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில டிவிடிகளில் எல்லாப் பகுதிகளும் சேர்ந்து ஓடும் பெரிய ஃபைல் ஒன்றும் கூடவே வரும், அதை ஒதுக்கிவிடு. ஒவ்வொன்றையும் திறந்து தொடக்கத்தைப் பார்த்துத்தான் எண் போட வேண்டும், வேறு வழி இல்லை. டிவிடியில் இருந்தபடியே விஓபி என்ற வகை ஃபைலாகக் கிடப்பவை ஏறக்குறைய 1 ஜிபிக்கு ஒரு துண்டாக வெட்டுப்பட்டிருக்கும். துண்டு வேறு, பகுதி வேறு. முதலில் சேர்த்துவிட்டு அப்புறம் பெயர் வை. ஒரே ஃபைலில் இரண்டு பகுதி இருந்தால் எஸ்01இ01-இ02 என்று எழுதினால் போதும். மாப்பிள்ளை ஃபயர்ஃபிளை என்ற ஆங்கிலத் தொடரை வைத்திருக்கிறார் அல்லவா, அதை அவரையே பார்க்கச் சொல். 2002இல் டிவியில் வந்த வரிசை ஒன்று, டிவிடியில் இருக்கிற வரிசை வேறு. கதை தொடங்குகிற பகுதியை அந்த டிசம்பரில்தான் ஒளிபரப்பினார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உலகத்தில் யாரோ ஒருவர் தளத்தில் பதிந்து வைத்திருக்கும் தொடர்களுக்கு. டிஸ்க்கில் பங்குனி என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதற்கு எந்தத் தளத்திலும் பதிவு கிடையாது, நாம்தான் பதிய வேண்டும். நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே முக்கியமாக அதற்காகத்தான்.

ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனிப் பெருவிழா 18 நாள். ஒவ்வோர் ஆண்டையும் ஒரு சீசனாக வை. சீசன் 1998, சீசன் 2011 என்று ஆண்டையே எண்ணாகக் கொடுக்கலாம், ஜெல்லிஃபின் ஏற்றுக்கொள்ளும். பகுதி எண்ணாக விழாவின் நாளை வை. 16ஆம் நாள் வெண்ணெய்த்தாழி. ஆகவே எந்த ஆண்டைத் திறந்தாலும் 16ஆம் பகுதி வெண்ணெய்த்தாழியாக இருக்கும். தவழும் கண்ணனாகக் கோபாலன் பல்லக்கில் வருவதும், இரண்டு பக்கமும் ஜனங்கள் வெண்ணெயை வீசுவதும், ஆண்டு மாறினாலும் ஒரே எண்ணில் கிடைக்கும். 1998இல் நம்மிடம் அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. ஒன்றுதானே என்று அதற்கு 01 போடாதே. மற்ற நாள்களின் இடம் காலியாகவே இருக்கட்டும். மேலராஜவீதியில் யார் வீட்டுப் பரணிலாவது ஒரு கேசட் கிடைத்தால், அது வந்து உட்கார அதன் இடம் அதற்கு இருக்கும்.

ஃபைலின் தேதியைப் பார்த்து ஆண்டைப் போட்டுவிடாதே. கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றிய நாளைத்தான் அது காட்டும், நகல் எடுத்தால் அதுவும் சில சமயம் மாறும். கேசட் உறையில் எழுதியிருந்ததையும், படத்தில் தெரியும் கடைப் பலகைகளையும், உன் வயதையும் வைத்து நான் ஆண்டு குறித்திருக்கிறேன். அந்த 1998 வெண்ணெய்த்தாழியில் தாத்தா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "குழந்தை கையில கொஞ்சம் வெண்ணெய் குடு" என்று யாரிடமோ கேட்கிறார். தாத்தாவின் குரல் நம்மிடம் வேறு எந்தப் பதிவிலும் இல்லை பாப்பா. உன் பிள்ளைகள் தேடினால் அது கிடைக்க வேண்டும். கதைச் சுருக்கம் எழுதும் இடத்தில் யார் யார் நிற்கிறார்கள், எந்த நிமிடத்தில் தாத்தா பேசுகிறார் என்பதை எழுது. இந்த லைப்ரரிக்கு மட்டும் இணையத் தேடலை நிறுத்தி வை. இல்லாவிட்டால் பங்குனி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சம்பந்தமில்லாத ஏதாவது படத்தைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா என்று கேட்டாய். திரையில் தமிழில் தெரியட்டும், டிஸ்க்கில் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். கோபாலன் என்பதில் இருக்கிற 'கோ' என்ற எழுத்தை, கணினியின் எழுத்து முறையான யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். ஓகாரத்தை ஒரே குறியாகப் போடலாம், அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. அப்படித்தான் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் நிற்பதும், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போவதும். அதோடு லினக்ஸ் டிஸ்க்கில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழில் எழுத்து, குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் போய்விடும். விண்டோஸில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு போன்றவற்றைப் பெயரில் வைக்கவே முடியாது. ஆகவே பெயரைச் சுருக்கமாக, குறி எதுவும் இல்லாமல் வை. தமிழ்த் தலைப்பை ஜெல்லிஃபினில் தகவல் திருத்தும் இடத்தில் எழுதிப் பூட்டிவிடு.

அப்புறம் லைப்ரரி அமைப்பில் என்எஃப்ஓ சேமிப்பை இயக்கி, படங்களையும் அதே ஃபோல்டரில் சேமிக்கச் சொல். நீ எழுதுகிற தலைப்பும் சுருக்கமும் வீடியோவுக்குப் பக்கத்திலேயே சின்ன ஃபைலாக உட்கார்ந்துவிடும். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்த பிறகு இங்கே கரண்டும் நெட்டும் இல்லாமல் எப்படிக் கிடந்தோம் என்பது உனக்குத் தெரியும். டிஸ்க்கோடு தகவலும் இருந்தால் கரண்டு வந்ததுமே எல்லாவற்றையும் பார்க்கலாம், நெட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கு நீ வேறு சர்வருக்கு மாறினாலும் எழுதியது உன்னோடு வரும்.

டிஸ்க் வந்ததும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய். முதலில் 1998ஐப் போட்டுப் பார். முகம் தெரிந்தவர்களின் பெயர்களை நிமிடத்தோடு ஒரு தாளில் எழுதி டிஸ்க் பையிலேயே வைத்திருக்கிறேன். சில பெயர்களின் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கும். அந்த இடங்களைப் போனில் படம் எடுத்து அனுப்பு, அப்பாயியிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மாமாவிடம் அம்மா முறுக்கும் கொடுத்தனுப்புகிறாள்.

அன்புடன்,
அப்பா