ஆண்டறிக்கை 2025–26: வேட்டைக்குக் கூட்டிப்போனவர்களைத் தேடி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலாளரின் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, நீலகிரிக் காடுகளில் பொழுதுபோக்காக நடந்த வேட்டை, தூண்டில் மீன்பிடிப்பு ஆகியவற்றின் வரலாற்றையே இந்த ஆண்டு முழுக்கப் பேசினோம். ஜூலைக் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

முதல் கூட்டத்துக்கு ஓர் உறுப்பினர் தன் தாத்தாவின் வேட்டை லைசென்ஸை எடுத்து வந்தார். மடிப்புகளெல்லாம் கிழிந்து, செல்லோடேப் ஒட்டிய தாள். சுட்ட விலங்கு, இடம், தேதி என்று பின்பக்கம் கட்டம் போட்டிருந்தது. அதில் ஒரே ஒரு வரிதான் நிரப்பியிருந்தார்கள்: கடமான், ஒன்று. அந்தத் தாள் கை மாறி எல்லோரிடமும் போய்வந்தபோது கூட்டத்தில் பேச்சே இல்லை.

இந்த லைசென்ஸ் முறைக்கு வேர் 1870களில் இருக்கிறது. தோட்ட முதலாளிகளும் விடுமுறைக்கு வந்த ராணுவ அதிகாரிகளும் கண்டபடி சுட்டுத் தள்ளியதில் விலங்குகள் குறைந்துபோயின. பயந்துபோன வேட்டைக்காரர்களே சங்கம் வைத்தார்கள். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை கூடாத மாதங்கள் வந்தன, லைசென்ஸ் வந்தது. பெட்டையையும் குட்டியையும் தொடக் கூடாது என்றார்கள். வரையாட்டில் முதுகு வெளிறிய கிழட்டுக் கிடாவுக்குத்தான் மவுசு. அதே காலத்தில் செந்நாயைக் கொன்றவருக்குப் பரிசுப் பணமும் கொடுத்தார்கள். ஊட்டிக்கு அருகே வெண்லாக் புல்வெளியில் குதிரையேறி, இங்கிலாந்து நாய்களை விட்டுக் குள்ளநரியைத் துரத்தியதும் இந்தக் கூட்டத்தார்தான்.

அந்தச் சட்டத்தால் வரையாடு ஓரளவு பிழைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் லைசென்ஸ் வாங்கியவருக்கு விளையாட்டாக இருந்தது, வயிற்றுக்காகக் கண்ணி வைத்த மலைவாசிக்குக் குற்றமாகிப்போனது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வரலாறு பாதிதான்.

அக்டோபரில் நீலகிரியின் அவலாஞ்சியில் இருக்கும் ட்ரவுட் மீன் பண்ணைக்குப் போனோம். நீலகிரியில் இந்தக் குளிர்நீர் மீனை வளர்க்க, மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1860களிலேயே முயன்று தோற்றார். 1907 வாக்கில் மீன்வளர்ப்பு நிபுணர் ஹெச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் காரியம் கைகூடியது. இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்திலிருந்தெல்லாம் ரெயின்போ ட்ரவுட் முட்டைகள் கப்பலேறி வந்தன. தூண்டில் போடுவதற்கென்றே கடல் தாண்டி வந்த மீன் அது. ஓடை நீர் சலசலக்கும் தொட்டியின் ஓரத்தில் நின்றோம். கல்லின் நிறத்திலேயே கிடந்த மீன் திரும்பியபோது விலாவில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு மின்னியது. கூட வந்த பள்ளிப் பிள்ளைகள் அங்கிருந்து நகர மறுத்தார்கள். நம் ஓடைகளுக்கே உரிய சின்ன மீன்களை இந்த ட்ரவுட் என்ன செய்தது என்ற கேள்வியை அங்கேயே ஒரு மாணவி கேட்டாள். அதற்கென்றே அடுத்த ஆண்டு ஒரு கூட்டம் வைக்க வேண்டும்.

துப்பாக்கிக் காலம் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது. வரையாடு வாழும் நீலகிரியின் முக்குருத்திப் பகுதி 1982இல் சரணாலயமாகி, 1990இல் தேசியப் பூங்கா ஆனது. 1975இல் வரையாட்டை முறையாக ஆராய்ந்த இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஐ வரையாடு தினமாக அரசு கொண்டாடுகிறது. அன்று பள்ளியில் படம் காட்டினோம். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள் என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது.

அப்புறம், இந்த ஆண்டின் பெரிய வேலை. கிடைத்த பழைய பதிவுகளில் சுட்டவர் பெயர் இருக்கிறது, கொம்பின் அளவுகூட இருக்கிறது. ஆனால் துரையை இருட்டோடு எழுப்பிக் கூட்டிப்போய், காற்று பார்த்து, தடம் பார்த்து, விலங்கின் எதிரே நிறுத்தியவரின் பெயர் இல்லை. ஓர் அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்க்க மூன்று முறை மனு கொடுத்தோம். கடைசியில் கிடைத்த காகிதக் கட்டில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. சரி, காகிதத்தை நம்பிப் பயனில்லை என்று, ஆட்களையே தேடிப் போனோம். வேட்டைக்கு வழிகாட்டிய சிகாரிகளின் பிள்ளைகள், காவலர்களின் பிள்ளைகள் என்று சில பெரியவர்களின் குரலைப் பதிவு செய்திருக்கிறோம்.

ஒரு பாட்டி, தன் அப்பா காட்டிலிருந்து வந்ததும் தணலருகே உட்கார்ந்து காலில் ஏறிய அட்டைகளுக்கு உப்பு வைத்ததைச் சொன்னார். "துரை போட்டோவுல நிப்பாரு, அப்பா கொம்பைப் புடிச்சுக்கிட்டு ஓரத்துல இருப்பாரு" என்றார். அப்படி ஒரு போட்டோ உறுப்பினர்கள் யார் வீட்டிலாவது இருந்தால், ஓரத்தில் நிற்பவரை வெட்டாமல் முழுதாக ஸ்கேன் செய்து கொடுங்கள். பெயர் தெரிந்தால் பின்னால் பென்சிலில் எழுதுங்கள்.

வண்டி கொடுத்தவர்களுக்கும், படுகு, இருளப் பேச்சுகளை எழுதித் தந்த இளைஞர்களுக்கும் நன்றி. இன்னும் இரண்டு பெரியவர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு உடம்பு முடியவில்லை. அவர் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்புகிறோம். வண்டியில் இரண்டு இடம் காலி.

இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்